தலைக்கணக்கு

பின்னிரவு மூன்று நாற்பதுக்குக்
கப்பலின் பின்கதவு இறங்கியது.
இறங்கினோம்:
நான்கு எரிவாயு உருளைகள்,
கோழித்தீவன மூட்டைகள்,
பிளாஸ்டிக் சுற்றிய ஒரு மெத்தை,
நான்.
துறையில் டார்ச்சோடு நின்றவள்
மற்ற எதையும் பார்க்காமல்
எனக்கு மட்டும் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

பெரிய தீவுகளில்
சூரியன் விழுவதைப் பார்க்கக்
கூட்டத்தில் முழங்கை இடிபட்டு
அலுத்துப்போய் வந்திருந்தேன்.
யாரும் போகாத இடம் வேண்டுமென்று
எல்லோரையும் போலத்தான் நானும் கேட்டேன்.

இங்கே ஒரே தெரு. பெயர் கிடையாது.
இன்னொன்று இருந்தால்தானே பெயர் வேண்டும்.
ஒரு காப்பிக்கடை, அதுவே தபால் நிலையம்,
வியாழனன்று முடிதிருத்தகம்.
ஆட்கள் முப்பத்தொன்று.
ஆடுகளை அர்கிரிஸே எண்ணி முடித்ததில்லை.
என்னோடு கப்பலில் வந்த மெத்தையில்தான்
உறைகூடப் பிரிக்காமல்
என்னைப் படுக்கவைத்தார்கள்.
புரண்டால் தீவு முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் காற்று.
மெல்தேமி என்கிறார்கள்.
வடக்கிலிருந்து வருவதால் என் மொழியில் வாடை,
ஆனால் வருவது நடுக்கோடையில்.
திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்
இந்தத் துறையில் ஒரு வாரம் இருந்திருந்தால்
கொஞ்சம் குழம்பியிருப்பார்கள்.
காற்றை நம்பி யவனர்
மிளகுக்குக் கப்பல் விட்டதாகப் படித்திருக்கிறேன்.
இந்தக் காற்றில்
பக்கத்துத் தீவிலிருந்து
ஓர் எலுமிச்சம்பழம் வந்து சேரவில்லை.

கப்பல் இல்லாத ஐந்தாம் நாள்
செவஸ்தி நோட்டைத் திறந்து காட்டினாள்.
ஆகஸ்ட் பக்கத்தில்
ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள்.
ஜனவரி வெறும் தாள்.

"இறங்குகிற தலை குறைந்தால்
ஏதென்ஸில் ஒருவன் பேனாவை எடுப்பான்.
வாரம் இரண்டு கப்பல் ஒன்றாகும்.
அந்த ஒன்றும்
வானிலை அனுமதித்தால் என்றாகும்.
உனக்கு யாரும் வராத இடம் வேண்டும்.
எங்களுக்கு யாராவது வரவேண்டும்.
நிறையப் பேர் வேண்டாம்,"
விரல்களை மடக்கினாள்,
"ஜனவரிக்கு நான்கு. பிப்ரவரிக்கு நான்கு."

போன பிப்ரவரியில் அர்கிரிஸ்
தன் படகில் அடுத்த தீவுக்குப் போய்
அங்கே கப்பலேறி
இங்கே இறங்கினானாம், மூன்று முறை.
மூன்றாம் முறை கப்பல் ஆள் கேட்டானாம்:
அப்படி என்னத்தை மறந்துவிட்டு
மறந்துவிட்டுப் போகிறாய்?
பாதிரியாரும் ஒருமுறை முயன்றார்.
அந்தத் தாடியை
இரண்டு ஆளாகக் காட்ட முடியவில்லை.

நான் சிரித்தேன்.
அவளும் சிரித்துவிட்டு
நோட்டை மூடாமல் வைத்திருந்தாள்.

காற்று இறங்கிய அன்று
இரண்டு டிக்கெட் வாங்கினேன்.
ஒன்று, புறப்பட.
இன்னொன்று, ஜனவரி பத்தொன்பதில்
இங்கே வந்து சேர.
"வருவாயா?" என்றாள்.
"டிக்கெட் வரும்," என்றேன்.
கொஞ்சம் யோசித்துப் பெயரைக் கேட்டாள்.
குழலி.
நடு எழுத்துக்கு அவளிடம் எழுத்தில்லை.
ஒரு லாம்டாவைப் போட்டு
அதன் காலைக் கொஞ்சம் வளைத்துவிட்டாள்.

ரோட்டர்டாமில் இப்போது இரண்டு நாற்பது,
அங்கே மூன்று நாற்பது.
ஜன்னலில் ஆலங்கட்டி விழுகிறது.
பின்கதவு இறங்கியிருக்கும்.
மாவு மூட்டை, மருந்துப் பெட்டி,
பிறகு ஒருவருமில்லை.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
அவள் கோடு போடுவாள்.
ஒருவேளை இன்று கடல் சரியில்லையோ,
கப்பலே வரவில்லையோ, தெரியாது.

போர்வைக்கு வெளியே
என் பாதங்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன,
இரும்புப் பலகையில்
ஈரத்தோடு நிற்பதுபோல.
உள்ளே இழுத்துக்கொள்ள மனமில்லை.