பதினைந்தாவது பெயர்

காலைக் கணக்குப் பாடத்தின் மிச்சம்
கரும்பலகையில் இன்னும் கிடக்க
மூன்றரை மணிக்கு என் வகுப்பு தொடங்கும்.

சம்போவாங்கா நகரின் ஓரம்.
கடலுக்கு மேலே மரக்கால்களில் நிற்கின்றன எங்கள் வீடுகள்;
கரையில் நிற்கிறது அரசுப் பள்ளி.
முற்றத்தில் கொடிக்கம்பம், அதன் பின்னால் மரியன்னை,
பக்கத்தில் ஒளு செய்ய ஒரே ஒரு குழாய்.
அதிலும் செவ்வாய்க்கிழமைதான் தண்ணீர்.

என் பெயர் ரட்ஸ்மினா. வயது இருபத்தாறு.
அரசுத் தாளில் நான் ஆசிரியை இல்லை,
'உதவித்தொகை பெறுபவர்'.
அந்தத் தொகையும் மார்ச்சிலிருந்து
வழியில் வந்துகொண்டே இருக்கிறது.
எந்த வழி என்று கேட்கப் போனேன்.
மாவட்ட அலுவலகத்தில்
மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

பதினைந்து தலை இருந்தால்தான் வகுப்பு.
ஒன்று குறைந்தாலும் இந்த அறை
சத்துணவு அரிசி மூட்டைகளுக்குப் போய்விடும்.
இதுவோ பாசி கட்டும் மாதம்.
கயிற்றில் நாற்று முடிய
சின்ன விரல்களைத்தான் தேடுகிறார்கள்,
ஆயிரம் முடிச்சுக்கு நாற்பது பெசோ.

இன்று பதினொரு பேர்.

புத்தகம் சொன்ன இன்றைய நற்பண்பு: அமானிதம்.
அரபியில் பெரிதாக எழுதினேன்,
சாக்பீஸ் உடையும்படி அழுத்தி.
ஒப்படைத்ததைக் கெடாமல் காப்பது,
கேட்கும்போது திருப்பித் தருவது.
படத்தில் சப்பாத்து போட்ட ஒரு பையன்
கீழே கிடந்த பணப்பையை
உரியவரிடம் நீட்டுகிறான்.
"எப்படிக் கீழே கிடந்தது?" என்றாள் நூர்ஹிசா.
நியாயமான கேள்வி.
எங்கள் வீடுகளில் விழுவது எதுவும் கிடப்பதில்லை,
பலகை இடுக்கு வழியே கடலுக்குப் போய்விடும்.
"அங்கே தரை இருக்கிறது போல" என்றான் ஒருவன்.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு பெயர் கூப்பிட்டேன்.
ஜும்டாலி?
"இருக்கிறேன்."
அல்முஜிர்?
"இருக்கிறேன்."
அதே குரல்.
நிமிர்ந்து பார்த்தேன். அதே ஜும்டாலி.

"அண்ணன் பாசிக்குப் போயிருக்கிறான், உஸ்தாதா.
எனக்காகவும் நீயே சொல் என்று
பதிலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.
சொல்லாமல் வீட்டுக்குப் போனால்
அமானிதத்தைத் தின்றவன் ஆகிவிட மாட்டேனா?"

ஆறு வருடம் ஓதியிருக்கிறேன்.
எந்தக் கிதாபின் ஓரத்திலும்
இதற்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கவில்லை.

அதற்குள் இன்னும் மூன்று கைகள்.
ஆளுக்கொரு பெயரைச் சுமந்து வந்திருந்தார்கள்:
ஒருத்திக்குத் தங்கை,
ஒருவனுக்குப் பக்கத்துப் படகுக்காரன் மகன்,
நூர்ஹிசாவுக்கு ஃபட்ரா.
ஃபட்ரா!
ஜூன் மாதம் இரவோடு இரவாகச்
சண்டகானுக்குப் படகேறிய ஃபட்ரா.
வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.
"கூப்பிடுவதை நிறுத்த விடாதே என்று சொன்னாள்"
என்றாள் நூர்ஹிசா, கையை இறக்காமல்.

பதினொன்றும் நாலும்.

வாசலில் தலைமையாசிரியை எனரியோ.
கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே
வெள்ளிக்கிழமைப் படிவத்துக்கு எண் கேட்டார்.
என் முகத்தைப் பார்த்தார்,
கரும்பலகையைப் பார்த்தார்,
அந்த எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது.
"அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப்
பேனாவை மேசையில் வைத்துப் போனார்.

பதினொரு பெயருக்கு மை.
மூன்று பெயருக்குப் பென்சில், மெல்லமாக,
அழித்தால் தடம் தெரியாதபடி.
ஃபட்ராவின் கட்டத்தின் மேல்
கையை வைத்திருந்தேன்.
அலை ஏறும் சத்தம் கேட்டது.
பிள்ளைகள் பையை எடுக்காமல் காத்திருந்தார்கள்.
பதிவேட்டை மூடினேன்.

மறுநாள் காலை
கணக்கு வாத்தியார் பலகையைத் துடைத்தார்.
எல்லாம் போயிற்று,
முதல் அலிஃப் மட்டும் நின்றது.
அழுத்தி எழுதியது அல்லவா.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
அதையும் ஒன்று என்று வாசித்துக்
கூட்டலில் சேர்த்துவிட்டார்களாம்.
முழு வகுப்புக்கும்
விடை ஒன்று கூடுதல்.