ஐந்து சுற்றும் கொஞ்சமும்

தண்டர் பே.
பெயரிலேயே பேய் இருக்கிறதே என்பவர்களுக்கு:
அது விரிகுடா. பேய்கள் என் நிலவறையில்.
ஒன்பது கிராமபோன்கள், பாடுகிறவை நான்கு.
மற்ற ஐந்தையும் வசுமதி
உள்நோயாளிகள் என்கிறாள்.
"ஆஸ்பத்திரியில் பார்த்தது போதாதென்று
வீட்டிலும் ஒரு வார்டு."

சரிதான். தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.
எக்ஸ்ரே அறையில், ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று
நாளைக்கு நாற்பது முறை சொல்கிறேன்:
மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள். அசையாதீர்கள்.
பிறகு, விடலாம்.

இன்றிரவு விளக்குப்பெட்டியில் மாட்டியிருப்பது
விலா எலும்பல்ல, ஓர் இசைக்கடை.
ரெய்னோ லாஹ்தி தந்த கண்ணாடி நெகட்டிவ்.
பண்ணை ஏலத்தில் உருளைக்கிழங்குக் கூடையோடு வந்ததாம்;
கூடைக்குத்தான் அவன் காசு கொடுத்தான்.
சுவிட்சைத் தட்டினால்
சுவர் நாட்காட்டி சொல்லும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு
கறுப்பு வெள்ளையாய், வெள்ளை கறுப்பாய் எரிகிறது.

போர்ட் ஆர்தர் என்று ஊருக்குப் பெயர் இருந்த காலம்.
பியானோ மூன்று. தையல் மெஷின் இரண்டு,
பாட்டுக்கும் தையலுக்கும் ஒரே தவணை போலும்.
உத்தரத்திலிருந்து தலைகீழாய்
பதினொரு ஊமத்தம்பூக் கூம்புகள்.

மூன்றாவது கூம்பின் விளிம்பில் ஓர் ஒடுக்கு.
என் கூம்பிலும் உண்டு ஓர் ஒடுக்கு!
கழற்றி வந்து பக்கத்தில் வைத்து
இதழ் இதழாய் எண்ணினேன்.
இரண்டு இதழ் தள்ளி.
நெகட்டிவைத் திருப்பி மாட்டி எண்ணினேன்.
அப்போதும் ஒரு இதழ் தள்ளி.
யாருடைய கைதவறலோ, என் வீட்டில் விழுந்ததல்ல.
கொஞ்ச நேரம் கோபமாய்க்கூட இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் லென்ஸைக் கீழே இறக்கினேன்,
மேசைமேல் வரிசையாய் நின்ற பெட்டிகளுக்கு.
ஐந்து பெட்டி, ஐந்திலும் தட்டு.
நான்கின் லேபிளில் எழுத்துகூடத் தெரிகிறது.
ஐந்தாவதில் எழுத்தில்லை.
விரலால் வழித்த மாவுபோல ஒரு வட்டம்.

அசைந்தது கலங்கும்.
எத்தனை நுரையீரல்களை இதற்காகவே
மறுபடி நிற்க வைத்திருக்கிறேன்.
அது சுற்றுகிறது.
படம் பிடித்தபோது
அது பாடிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணிக்கு ரெய்னோவை எழுப்பினேன்.
"பெண்டுலத்தைப் பார்," கொட்டாவியோடு சொன்னான்.
சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் இல்லை,
அதன் இடத்தில் புகையாலான ஒரு விசிறி.
இருட்டுக் கடை, வாசல் வெளிச்சம் மட்டும்.
மூன்று விநாடி, என்றான். நான்கு, என்றேன் நான்.
பூனைக்குச் சோறு வைக்க வேண்டும் என்று போனை வைத்தான்.

நான்கே இருக்கட்டும்.
நிமிடத்துக்கு எழுபத்தெட்டு என்றால்
ஐந்து சுற்றும் கொஞ்சமும்.
இந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் பாட்டு அவ்வளவு.
என்ன பாட்டு?
பாடாத நான்கும் பெயரோடு நிற்கின்றன.
பாடியது, பாடியதால், பெயரைத் தொலைத்துவிட்டது.

பிறகுதான் மனிதர்களைப் பார்த்தேன்.
வெட்கமாக இருக்கிறது, கடைசியாகத்தான்.
முன்னால் ஆறு ஆண்கள், விறைத்த காலர்,
மார்பு உப்பி, மூச்சைப் பிடித்து.
கல்லாவுக்குப் பக்கத்தில் கணக்கெழுதும் பெண்:
முகம் கல்வெட்டு மாதிரித் துல்லியம்,
பேனா துல்லியம், பாவாடை மடிப்பும் துல்லியம்.
வலது காலணியின் நுனி மட்டும்
இல்லை. கலங்கிய ஒரு சாம்பல் துளி.

தாளம்.

இதை ரெய்னோவிடம் சொல்லப் போவதில்லை.

ஜன்னலின் பாதிவரை பனி.
விளக்கை அணைக்கக் கை போனபோது
வாய்ப் பழக்கம், நாளெல்லாம் ஆங்கிலத்தில் சொல்வது
தமிழில் வந்தது:
"விடலாம்."

"கீழே யாரோடு பேச்சு?" என்றாள் வசுமதி.
"ஏழு பேர்," என்றேன்.