தக்க நடவடிக்கைக்காக

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ் மதிலோரம்
புங்கமர நிழல் பதினோரு மணிக்கு
என்னை விட்டுப் போய்விடும்.
அதற்குள் வந்தால் பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
பிறகு வந்தால் வெயிலுக்கு ஐந்து சேர்த்து.

அவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள்,
பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே.
தேவகிருபை பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.
ஞானமுத்து கையை எடுக்கவில்லை.
வலது கை சட்டைக்குள் கிடந்தது,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள் போல.

போன ஆடியில் முதல் மனுவை அடித்ததும் நான்தான்.
தோல் ஷெட்டில் செம்புக் கம்பி காணாமல் போன இரவு
டிரம் ஓட்டும் ஆளை
'சும்மா கேட்டு அனுப்பறோம்' என்று கூட்டிப்போய்
மூன்றாம் நாள் அனுப்பினார்கள்.
கம்பி ஷெட்டிலேயே இருந்தது,
சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால்.
விரல்கள் நான்கும்தான் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

ஆணையம் பதில் போட்டிருக்கிறது.
நல்ல தாள். முத்திரை. எண், சாய்கோடு, எண்.
'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக
மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பப்பட்டது.'
அவர் டி.எஸ்.பி.க்கு,
டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டருக்கு,
இன்ஸ்பெக்டர் ஏட்டுக்கு.
ஏட்டு வாசலில் பைக்கை நிறுத்தினாராம்,
கையை முறுக்கிய அதே ஏட்டு.
'உம் மனுவ விசாரிக்க வந்துகீறேன்' என்று சொல்லித்
தண்ணீர் கேட்டாராம்.

"குடுத்தியா?"
"குடுத்தேன். இன்னா பண்றது, வெயிலு."

எங்கள் ஊர்மேல் ஒரு பழைய கிண்டல் உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.
பாலாறுகூட ஒரு மழைக்காலத்தில்
பாலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
காலியான இடத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்:
கால் இல்லாத ஆணையம்.
எங்கும் அதனால் தானாக நடந்து வர முடியாது,
போலீஸ் ஜீப்பில் ஏறித்தான் வர வேண்டும்.

இந்த மனு வேறு.
குடியாத்தம் வக்கீல் பென்சிலில் எழுதிக் கொடுத்தது.
தன் ஆட்களை வைத்துத் தானே விசாரிக்கிற,
தன் பணத்துக்கு எவர் வாசலிலும் நிற்காத
சுதந்திரமான தேசிய மனித உரிமை ஆணையம் ஒன்றை
நிறுவ வேண்டி.
அடியில் இருபத்திரண்டு பெயர்கள்,
பாதி தோல் ஷெட், பாதி பீடி.

'பெறுநர்' என்ற இடத்தில் விரல் நின்றது.
இல்லாததை உண்டாக்கச் சொல்லி யாருக்கு எழுத?
இருப்பவர்களுக்குத்தான்.
டெல்லி முகவரி அடித்தேன்,
பின்கோடு எனக்கு மனப்பாடம்.

"சுதந்திரமானன்னு போட்டுகீறியே, அத்த எடுத்துடேன்,
கொடியேத்தற மாதிரி கீது" என்றாள்.
"அத்த எடுத்தா மனுவே இல்ல."
"அப்ப இன்னாதான் அர்த்தம் அதுக்கு?"

வெயிலில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.
"கேக்கறவனுக்குச் சோறு
கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் வூட்லேர்ந்து
வரக் கூடாது."

யோசித்தாள்.
"அப்ப டீயும் கூடாது."
"டீயும் கூடாது."
"தண்ணி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மை டப்பாவைத் திறந்தேன்.
இடது பெருவிரல் போதும், சட்டம் ஒப்புக்கொள்ளும்.
ஞானமுத்து மூடியை அழுத்தி மூடினார்.
"பத்தாவது பாஸு நானு."
இடது கையில் பேனாவைப் பிடித்தார்,
ஒடிசல் துடைப்பக்குச்சியைப் பிடிப்பது மாதிரி.
அத்தனை எழுத்து இருக்க
இவர் பெயர் ஞ-வில் தொடங்க வேண்டுமா?
முதல் முறை அது டிரம்முக்குள் புரளும் ஈரத்தோல் போலச்
சுருண்டுகொண்டது.
அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

மூன்று நகல் என்பதால்
கார்பன் வைக்கட்டுமா என்றேன்.
"வேணாம், ஒவ்வொண்ணா போடறேன்" என்றார்.