கல் எடை கழித்து

தலைமை அலுவலகச் சுற்றறிக்கை
திங்கட்கிழமை காலையில் வந்தது.
உதவி மேலாளர் பதவிக்கு இனிப் பட்டம் கட்டாயம்.
தொலைதூரக் கல்வியும் ஏற்கப்படும்,
அங்கீகாரம் இருப்பின்.
'இருப்பின்' என்ற சொல்லை
மூன்று முறை படித்தேன்.

பதினாலு வருஷமாய்
தேவகோட்டைக் கிளையில் நகை மதிப்பிடுகிறேன்.
கல்லில் ஒரு இழுப்பு, ஒரு சொட்டுத் திராவகம்,
மஞ்சள் நிற்கிறதா, பச்சையாய்ப் பொங்குகிறதா.
மேலாளருக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. எம்.பி.ஏ.
பழைய கழுத்திரு உருப்படியோ
அரக்கு நிறைந்த அட்டிகையோ வந்தால்
"சகாயமேரிக்கா, ஒரு நிமிஷம்" என்பார்.
அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்
இப்போது பட்டம் கேட்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.
செக்காலை ரோட்டில், செல்போன் கடை மாடியில்
ஒரு படிப்பு மையம்.
ஏசி ஓடியது. காப்பி கொடுத்தார்கள்.
டை கட்டிய பையன்
எட்டுப் பல்கலைக்கழகங்களைச்
சேலை விரிப்பதுபோல் மேசையில் விரித்தான்.
வடக்கே ஒன்று, வடகிழக்கே ஒன்று,
வரைபடத்தில் நான் விரல் வைத்தே பார்க்காத ஊரில் ஒன்று.
"மூணு வருஷப் படிப்பை ஒரே வருஷத்துல முடிச்சிரலாம் மேடம்."
"பரீட்சை?"
"அதப் பத்தி நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"
காப்பி நன்றாகவே இருந்தது.
இவ்வளவு பளபளப்பான பித்தளையை
என் மேசைக்கு யாரும் கொண்டுவந்ததில்லை.

ராத்திரி, கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே
ஆல்வினின் போனில் அங்கீகாரப் பட்டியலைத் தேடினேன்.
எட்டில் ஐந்து அதில் இல்லவே இல்லை.
இரண்டு போன வருஷம் வரைக்கும் இருந்தன.
மிச்சம் ஒன்று இருக்கிறது,
நான் கேட்கும் பாடத்துக்கு இல்லை.
சிங்கப்பூரிலிருந்து அவர் குரல் அனுப்பினார்:
"வாங்கிட்டுப் போ. யார் பாக்கப் போறா?"
தப்பில்லை.
எங்கள் ஆபீசில் பட்டத்தை உரசிப் பார்க்க
கல்லும் கிடையாது, ஆளும் கிடையாது.

காலாவதியான அடகுச் சீட்டின் பின்பக்கம்
என் கணக்கை எழுதினேன்.
தேர்வு மதுரையில் என்றால் விடியல் நாலரைப் பஸ்.
திருச்சி என்றால் முந்தின நாளே லீவு.
லீவு பாக்கி பதினொன்று.
வகுப்பு சனிக்கிழமை, எங்கள் ஏலமும் சனிக்கிழமை.
தமிழில் எழுதலாமா?
'கணக்கியல்' என்று போட்டிருந்தால் கொஞ்சம் தைரியம்,
'அக்கவுண்டன்சி' என்றால்
பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற வருஷம்
கண்முன்னே வந்து நின்றுகொள்கிறது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று
பட்டியலில் சத்தமில்லாமல் கிடந்தது.
உதவி எண்ணுக்கு ஒன்பது நாள் அடித்தேன்,
சாப்பாட்டு நேரத்தில், லாக்கர் அறைக் கதவோரம் நின்று.
பத்தாம் நாள் ஒரு குரல்,
வாயில் இருந்த சோற்றை இன்னும் விழுங்கி முடிக்காத குரல்:
"புத்தகம் அச்சாகி வர ரெண்டு மாசம் ஆகும்மா.
வகுப்பு பாதிதான் நடக்கும், வாத்தியார் பத்தலை.
போன தடவை கணக்கியல்ல
நூத்துக்கு நாப்பது பேருதான் பாஸ்."
கொஞ்சம் நிறுத்தி,
"சேரப் போறீங்களா?"

சிலர் நகையை மேசையில் வைக்கும்போதே சொல்லிவிடுவார்கள்,
"உள்ள அரக்கு இருக்கு, கல் எடையக் கழிச்சுக்கங்க."
அவர்கள் பொன்னை நான் ரொம்ப உரசுவதில்லை.

கட்டணத்துக்கு ஒரு வளையல்.
ஊழியர்கள் சொந்தக் கிளையில் அடகு வைக்கக் கூடாது.
எதிர்வரிசைக் கம்பெனிக்குப் போனேன்,
அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பழகியவள்,
இந்தப் பக்க நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று தெரியாது.
"கடன் எதுக்கு?"
"படிப்பு."
எழுதுகிறவர் நிமிராமலே எழுதினார்:
பிள்ளை படிப்பு.
அடிக்கச் சொன்னேன்.
'பிள்ளை' மேல் ஒரு கோடு இழுத்தார்,
மேலே சின்னதாய் 'சொந்த' என்று எழுதினார்.
திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும்,
அது எல்லாக் கம்பெனிக்கும் விதி.

போட்டேன்.