புகைக்கு ஆறடி

நெருப்பு மீனுக்கு நேர்கீழே இருக்கக் கூடாது.
இதைத் தெரிந்துகொள்ள எனக்குப்
பதினொரு கிலோ கெளுத்தி செலவானது.

நானும் அண்ணனும் செங்கல் வைத்துக் கட்டிய கோழி அடுப்பு.
நீடாமங்கலம் சாலையைப் பார்த்து நாலு மேசை,
பார்பிக்யூ என்று ஒரு சிவப்பு விளக்கு.
கடைசி எழுத்து எரியாது. ஊருக்கு அது பார்பி கடை.
பதினான்கு மாதம் ஓடியது.
கணக்கில் முப்பத்தெட்டாயிரம் காணவில்லை.
நான் எடுக்கவில்லை.
அவரும் எடுக்கவில்லை என்கிறார்.

பாகம் பிரித்த அன்று சர்வேயரின் சங்கிலி
அடுப்பின் நடுவயிற்றில் ஏறி இறங்கியது.
தெற்குப் பாதி அவருக்கு, வடக்குப் பாதி எனக்கு.
இடிக்க அவருக்கு மனமில்லை, எனக்குக் கூலியில்லை.
நாலு மழைக்காலம் தண்ணீர் நின்றது.
தவளைகள் இரண்டு பக்கமும் முட்டையிட்டன,
பட்டா பார்க்காமல்.

தை முடிவில் மேட்டூரை மூடினார்கள்.
கோரையாறு மடு மடுவாகச் சுருங்க
வலை நிறைய விராலும் கெளுத்தியும்.
மீனைவிட ஐஸ்கட்டி விலை.
புகை போட்டால் நாலு நாள் தாங்கும் என்று
தோகாவிலிருந்து போனில் சொன்னான் ஜெரால்டு,
அங்கே ஓட்டலில் அவனுக்கு அதுதான் வேலை.

என் பாதியைக் கழுவினேன்.
கேஜ் வீலை அறுத்துச் செய்த பழைய கம்பிகள்
துரு உதிர்த்துவிட்டு இன்னும் திடமாக இருந்தன.
மேலே தகர மூடி, மூடியில் ஓட்டை,
ஓட்டையில் போர்வெல் குழாயின் மிச்சம்.
எல்லைக்கோட்டின் மேல் இன்னொரு தகரத்தை நிறுத்தினேன்.
எல்லாம் என் பக்கத்துக்குள்.

முதல் நாள் கருவேல விறகு. மீன் குழம்புக்கு வெந்ததுபோல் வெந்தது.
மறுநாள் உமி. மேலே சாம்பல் மூடி அவிந்துபோனது.
அதற்கடுத்து தேங்காய் மட்டை.
கொழுப்பு சொட்டிய இடத்தில் குப்பென்று பிடித்து
கெளுத்தி மீசையோடு எரிந்தது.

லூர்து வெல்டர் குனிந்து பார்த்தார்.
“புகை நடந்து ஆறி வரணும் தம்பி.
தீக்கும் மீனுக்கும் நடுவுல ஆறடியாவது வேணும்.
உனக்கு எவ்ளோ இருக்கு?”
மூன்றடி நாலு அங்குலம்.
வடக்கே கிணறு. கிழக்கே மாட்டுத்தொட்டி.
இருவரும் தெற்கே பார்த்தோம்.
பிறகு அவர் பீடிக்குத் தீப்பெட்டி தேடினார்.

அவர் வீட்டு டிவி அணைந்த பிறகு
தகரத்தில் வட்டம் அறுத்தேன்.
ஹாக்சா பிளேடுக்கு ரகசியம் பேச வராது,
தெருநாய்கள் எல்லாம் விசாரித்தன.
குழாய் அவர் பாதியின் தென்கோடிச் செங்கல் வரை போனது.
அங்கே ஒரு எண்ணெய் டின், உள்ளே மட்டை, மேலே உமி.
இருட்டில் தீ தெரியும் என்று பற்றவைக்காமல் திரும்பினேன்.
மூன்றடி என் நிலம். மீதி திருட்டு.

உப்புத் தண்ணீரில் ஊறிய விராலைத் துடைத்துத் தொங்கவிட்டு
விடியலில் தீப்பெட்டியோடு போனேன்.
புகை வந்துகொண்டிருந்தது.

மெலிசாக, நீலமாக, அவசரமில்லாமல்.
குழாயைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட நெற்றிபோல் இருந்தது.
தகரத்துக்கு அப்பால் ஒரு இருமல்.
“பச்ச மட்டையப் போட்டு வச்சிருக்கான்.”
யாரிடம் சொன்னார் தெரியவில்லை.
அண்ணி வெள்ளிக்கிழமையே வலங்கைமான் போயிருந்தார்.

ஐந்து மணி நேரம்.
புகை தடிக்கும்போது அந்தப் பக்கம் டின் நகர்ந்தது.
புகை குறையும்போது உமி சரியும் ஓசை.
நான் இந்தப் பக்கம் மூடியை அரை விரல் திறந்தேன்,
கால் விரல் மூடினேன்.
என் வேட்டி, என் முடி, காயப்போட்ட போர்வை
எல்லாம் விரால் வாசம்.

பதினேழு மீன், வெண்கல நிறம்.
எட்டை வாழையிலையில் சுற்றித் தகரத்தின் மேல் வைத்தேன்.
எட்டை எனக்கு எடுத்தேன்.
ஒன்று கையிலேயே இருந்தது.

இலை அந்தப் பக்கம் போனது.
முள் துப்பும் சத்தம்.
“உப்பு கூடிப்போச்சு” என்றார்.

அண்ணி இன்னும் வரவில்லை.
என்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.