பதிமூன்று ரூபாய்

கோட்டையூர் தாண்டி ஒரு வெள்ளாடு
நடுரோட்டில் யோசித்துக்கொண்டு நின்றது.
சூசைமாணிக்கம் பிரேக்கை மிதித்தார்.
பின்படிக் கம்பிக்கு
நான் நெற்றிப்பொட்டைக் கொடுத்தேன்.

ரத்தம் வரவில்லை.
அதனால் எல்லோருக்கும் நிம்மதி,
எனக்கும்தான்.
யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.
ஆடு போய்விட்டது.
விசில் கொடுத்தேன், வண்டி நகர்ந்தது.

மூன்றாவது சீட்டில் ஒரு பெண்,
மடியில் ரிப்பேருக்குப் போகும் மிக்ஸி ஜார்.
கொடுத்தது இருபது, டிக்கெட் ஏழு.
மீதி பதிமூன்றைக் கையில் வைத்தேன்.
அடுத்த நிறுத்தத்தில் மறுபடி பதிமூன்று.
பள்ளத்தூர் நெருங்க, மறுபடி.
"அண்ணே, இதோட முப்பத்தொம்பது" என்றாள்.
"அடுத்து எந்த ஊர் வருது, சொல்லுங்க?"

பதினாறு வருஷம், நாளைக்கு எட்டு நடை
நான் கத்திய ஊர்.
வாய் திறந்தது. ஊர் வரவில்லை.
அவள் எழுந்து முன்னால் போய்
டிரைவரைக் கூப்பிட்டாள்.

மீதியெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது.
ஆட்டோவில் வாந்தி எடுத்தேனாம்.
"ஆடு என்னாச்சு?" என்று ஆறு முறை கேட்டேனாம்.
ஆறு முறையும் சூசை
"நல்லாருக்கு" என்றாராம், சலிக்காமல்.

காரைக்குடி ஆஸ்பத்திரி. ஸ்கேனில் ஒன்றுமில்லை.
"அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடாது"
என்றாள் அந்தச் சின்ன டாக்டர்,
கண்ணுக்குள் டார்ச் அடித்தபடி.
"தயிர்க் கிண்ணத்தைக் குலுக்கி வச்ச மாதிரி.
கிண்ணம் உடையல. தயிர் கலங்கியிருக்கு."
பவளக்கொடியிடம் தனியே சொன்னாள்:
திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல்,
ஒரு கண்மணி மட்டும் பெரிசா, எழுப்பினா எழாம இருந்தா
மணி பார்க்காம தூக்கிட்டு வாங்க.

அன்றிரவு அவள் உறங்கவில்லை.
தொட்டுத் தொட்டு எழுப்பி
"என் பேரு என்ன?" என்றாள்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
அவள் பேரை அத்தனை முறை நான் சொன்னது
அந்த ஒரு ராத்திரிதான்.

நான்காம் நாள், சும்மா கிடக்க வெட்கமாகி
பையை மாட்டிக்கொண்டு போனேன்.
பஸ் ஸ்டாண்டில் எவனோ ஊதிய விசில்
ஒரு காதில் நுழைந்து
உள்ளேயே நின்று ஊதியது.
பாத்திரக்கடை எவர்சில்வர் எல்லாம்
வெயிலைப் பிடித்து என் மேல் எறிந்தன.
"கட்டு இல்ல, காயம் இல்ல,
என்னய்யா லீவு?" என்றார் ஓனர்.
சும்மாவாவது ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளலாமா
என்று யோசித்தேன், சத்தியமாக.

பிறகு ஜன்னலில் போர்வை. போன் இல்லை, டிவி இல்லை.
மகன் பரீட்சைக்கு வாய்க்குள்ளேயே படித்தான்.
குக்கருக்குப் பயந்து பவளம் சோற்றை வடித்தாள்.
அழுகை காரணமில்லாமல் வந்தது.
கோபம் வந்தது,
ரசத்தில் உப்பு சரியாக இருந்ததற்கு.

கானாடுகாத்தானில் ஒரு வீடு தெரியும்,
இருபத்திரண்டு பங்காளிகள்.
முன்கதவுச் சாவி ஒருத்தரிடம்,
இரண்டாங்கட்டுச் சாவி மலேசியாவில்.
என் தலை அப்படித்தான் கிடந்தது.
பத்தாம் நாள் வெளிச்சம் வந்து தன் அறையைத் திறந்தது.
சத்தம் இன்னும் ஒரு வாரம் கழித்து.
கூட்டல் வந்தது, கழித்தல் வரவில்லை.
யாரையும் அவசரப்படுத்தி வரவழைக்க முடியவில்லை.

ஐந்து வாரம் ஆனது.
முதல் நாள் இரண்டே நடை.
விசில் சட்டைப்பையில்;
தகரத்தைத் தட்டி "ரைட்" சொன்னேன்.

காரைக்குடியிலேயே ஏறினாள். அதே சீட், ஜார் இல்லை.
இருபது நீட்டினாள். ஏழு போக...
நின்றேன்.
பின்னால் ஒருவன் "சில்லறை இல்லையா?" என்றான்.
"அவரு எண்ணட்டும்" என்றாள், திரும்பாமலே.
பதிமூன்று.
வாங்கிக்கொண்டு முந்தி முடிச்சை அவிழ்த்தாள்:
"உங்க இருபத்தாறு."

எனக்கும் ஒரு பாக்கி இருந்தது.
"பள்ளத்தூர்" என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே கோட்டையூர் வந்தது.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.