சலவை அறையில் ஒரு மறுநுழைவு

அதிகாலை இரண்டு மணி.
இன்வர்கார்கிலின் தென்காற்று
தகரக் கூரையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.
அடிபட்ட நிஸ்ஸானிலிருந்து கழற்றிவந்த இருக்கையில் நான்,
வலக்கையில் கட்டுக்கோல்,
எதிரே மூன்று திரைகளில் ஒரே பூமி
இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு.

நூற்றிருபது கிலோமீட்டர் உயரம்.
கீழே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடி.
எஞ்சின் அணைந்து நெடுநேரம் ஆகிறது.
கையிருப்பு இரண்டே: உயரமும் வேகமும்.
இரண்டையும் ஓடுதளத்தில்
துடைத்துச் செலவழித்திருக்க வேண்டும்.
ஒரு காசு மிஞ்சினால் வேலி,
ஒரு காசு குறைந்தால் கடல்.

இந்த விண்விமானத்துக்கு நிரல் ஒதுக்கியது
ஏதோ பாலைவனத்தில் ஐந்து கிலோமீட்டர் தளம்.
நான்தான் புள்ளியை இழுத்து
எங்கள் ஊரில் வைத்தேன்.
இங்கே இரண்டேகால்கூட இல்லை.
தெரிந்துதான் வைத்தேன்.

மூக்கை நாற்பது பாகை தூக்கி
வயிற்றைக் காட்டிக்கொண்டு விழ வேண்டும்,
குளத்தில் இறங்கும் வாத்து மாதிரி,
ஆனால் குளம் இல்லை, காற்றும் இன்னும் காற்றாகவில்லை;
ஒரு சந்தேகம் போலத்தான் இருக்கிறது.
பிறகு மானியில் முள் அசைகிறது.

சரிவு கூடினால் எரிவேன்.
குறைந்தால் ஏரியில் எறிந்த சில்லாய்த்
தத்தித் தத்தி வெளியே போய்விடுவேன்.
முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும்.
அந்த மாட்டை எனக்குத் தெரியும்:
பதினெட்டு வருடமாகப் பண்ணை பண்ணையாய்ப் பால் எடுக்கிறவள் நான்.

வலப்பக்கம் எழுபது பாகை சாய்கிறேன்.
பிறகு இடம். பிறகு வலம்.
பாதி நிரம்பிய டேங்கரை
ஹொகொனூயிச் சரிவில் இறக்குவதும் இதேதான்.
நாம் திரும்பியான பிறகுதான்
பால் திரும்பும்.

கண்ணாடியில் ரோஜா நிறம், பிறகு காவி,
பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஒன்று.
ப்ளாஸ்மா போர்த்திக்கொள்கிறது. வானொலி செத்துவிட்டது.
அந்த நேரம் பார்த்துச் சலவை இயந்திரம்
பிழியத் தொடங்குகிறது.
இருக்கை நடுங்குகிறது, பல் நடுங்குகிறது.
நிரல் எழுதியவர்களால் தர முடியாததை
ஃபெர்கஸின் வேலைச்சட்டைகள் தருகின்றன.

நான்கு நிமிடம். யாரும் என்னைக் கூப்பிட முடியாது.
ஒப்புக்கொள்கிறேன்,
இதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் விழுகிறேன்.

கதவில் ஃபெர்கஸ். அவன் வாய் அசைகிறது.
காதில் ஒலிவாங்கி; எனக்கு எதுவும் இல்லை.
இடக்கையை உயர்த்துகிறேன்: பொறு.
வழக்கமாகக் காலுறை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.
இன்று அழுக்குக் கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்கிறான்.
அவன் முகமெல்லாம் காவி வெளிச்சம்.

வானொலி திரும்புகிறது, யாருமில்லாத இரைச்சலாக.
டாஸ்மன் கடல் முடிந்து கரை வருகிறது,
செங்கல் போல இறங்குகிறேன்,
மறுபடி சுற்றி வர வழியில்லாத இறக்கம்.
அறுநூறு மீட்டர். மூக்கைத் தூக்கு. இன்னும்.
"சக்கரம்!" என்று கத்துகிறேன்.
எனக்கு நானே கத்துவது அது, பழக்கம்.
எந்த விசை என்று எப்படித் தெரிந்ததோ,
அவன் கை நீண்டு அழுத்துகிறது.

தொட்டோம். முன்னூற்று ஐம்பதில் தொட்டோம்.
பாராசூட் விரிந்தது, தடுப்பு புகைந்தது,
தளம் தீர்ந்தது.
வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்
புல்வெளி நடுவில் நின்றோம்.
நிரலின் புல்: மழித்த பச்சை, ஒரு மாடுகூட இல்லை.
இயந்திரமும் பிழிந்து முடித்துப் பீப் என்றது.

"பெட்டிக்ரூ பண்ணை" என்றான் ஃபெர்கஸ்.
ஆமாம். என் தடத்தில் மூன்றாவது நிறுத்தம்.
இன்னும் ஒன்றரை மணி நேரத்தில்
அதே புல்லின் ஓரத்தில்
குழாயோடு நிற்க வேண்டும்.

ஒலிவாங்கியைக் கழற்றினேன்.
காது இரண்டும் சுட்டன.
"அப்போ என்ன சொல்ல வந்தே?"

"டிப்டன் பாலத்துல வெள்ளம்.
சுத்திப் போகச் சொன்னாங்க."
ஈரச் சட்டைகளை அள்ளிக்கொண்டே கேட்டான்:
"வேகத்தை இன்னும் முன்னாலயே குறைச்சிருக்கலாமோ?"